மின்னணு டிரம் தொகுதியில் பண்பேற்ற ஒலிவிளைவுகள்

மின்னணு டிரம் தொகுதியில் பண்பேற்ற ஒலிவிளைவுகள் என்பன, டிரம் ஒலியின் வீச்சு, அதிர்வெண், கட்டம், தாமதம் ஆகிய பண்புகளுள் ஒன்றையோ பலவற்றையோ காலத்தோடு தொடர்ந்து மாற்றுவதன் மூலம் பெறப்படும் ஒலி மாற்றங்கள் ஆகும். கோரஸ், பிளேஞ்சர், பேசர், டிரெமொலோ, வைப்ராட்டோ, ரிங் மாடுலேட்டர், சுழல் ஒலிபெருக்கி விளைவு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பல மின்கிட்டாருக்காகவும் மின்னணு ஆர்கனுக்காகவும் பரவலானவை. கிட்டாரின் ஒலி நீண்டு நிற்பது. டிரம்மின் ஒலியோ அடித்த உடனே தணியத் தொடங்குவது. எனவே ஒரே விளைவு இவ்விரு கருவிகளிலும் வெவ்வேறு விதமாகச் செயற்படுகிறது. இவ்வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவதே இத்துறையின் அடிப்படை.

பின்னணி

மின்னணு டிரம் தொகுதியில் அடிக்கப்படும் பரப்பு பேட் எனப்படுகிறது. பேட்டின் உள்ளே பொருத்தப்பட்ட பீசோ உணரி, அடியின் அதிர்வைச் சிறு மின்துடிப்பாக மாற்றுகிறது. மாட்யூல் எனப்படும் மையக் கருவி இத்துடிப்பின் உயரத்தை அளந்து, அடியின் வலிமைக்கு ஏற்ற ஒலியை எழுப்புகிறது. அவ்வொலி முன்னரே பதிவு செய்யப்பட்டதாகவோ, கணித மாதிரியின் வழி உருவாக்கப்பட்டதாகவோ இருக்கலாம்.

தோலும் மரமும் கொண்ட வழக்கமான டிரம்மில் விளைவுகளைச் சேர்க்க ஒலிவாங்கி தேவை. ஸ்னேருக்கு வைத்த ஒலிவாங்கியில் ஹை-ஹேட்டின் ஒலியும் சிம்பலின் ஒலியும் புகுந்துவிடும். ஆகவே ஸ்னேருக்கு மட்டும் பிளேஞ்சர் சேர்க்க முனைந்தால், அது கசிந்த சிம்பல் ஒலியையும் மாற்றிவிடும். மின்னணுத் தொகுதியில் ஒவ்வொரு பேட்டின் ஒலியும் மாட்யூலின் உள்ளே தனித்தனியாக இருப்பதால் இச்சிக்கல் இல்லை. ஒரே ஒரு டாமுக்கு மட்டும் விளைவைச் சேர்த்து, ஏனையவற்றை மாற்றமின்றி விடலாம். பண்பேற்ற விளைவுகளைப் பொறுத்தவரை மின்னணுத் தொகுதியின் முதன்மையான நன்மை இதுவே.

வரலாறு

பண்பேற்ற விளைவுகள் டிரம் ஒலியுடன் இணைந்தது மின்னணுத் தொகுதிகள் பரவுவதற்கு முன்னரே ஆகும். ஒரே ஒலிப்பதிவை இரு நாடாக் கருவிகளில் ஒருசேர ஓடவிட்டு, ஒன்றின் சுருளின் விளிம்பை விரலால் அழுத்தி வேகத்தைக் குறைத்தால், இரண்டிற்கும் இடையே சிறு காலவேறுபாடு தோன்றும். இதனால் எழும் சுழலும் ஒலியே பிளேஞ்சிங் எனப்பட்டது. நாடாச் சுருளின் விளிம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவ்விளைவுக்குப் பெயராயிற்று. 1966ல் இலண்டனின் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் கென் டவுன்சென்ட் என்னும் பொறியாளர், பாடகர் இருமுறை பாடாமலேயே குரலை இரட்டிப்பாக்கும் நாடா முறையை உருவாக்கினார். 1967ல் வெளியான சுமால் ஃபேசஸ் குழுவின் 'இட்சிகூ பார்க்' பாடலில் டிரம் ஒலி நாடா முறையில் சுழற்றப்பட்டது பரவலாக அறியப்பட்டது. லெட் செப்பெலின் குழுவின் 'காஷ்மீர்' (1975) பாடலில் ஜான் பானமின் டிரம் ஒலி ஈவென்டைட் நிறுவனத்தின் பேசர் வழியாகச் செலுத்தப்பட்டது.

நாடாவின்றி இவ்விளைவுகளைப் பெற வழிவகுத்தது பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் ஆகியோர் 1969ல் உருவாக்கிய வாளி வரிசைச் சுற்று ஆகும். தீயணைக்க மக்கள் வரிசையில் நின்று நீர் வாளியைக் கைமாற்றுவது போல, இச்சுற்றில் மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கடத்தப்படுகிறது. 1024 நிலைகள் கொண்ட சுற்றை நொடிக்கு 50,000 துடிப்புகளில் இயக்கினால் ஏறத்தாழ 10 மில்லிநொடி தாமதம் கிடைக்கும். துடிப்பின் வேகத்தை மாற்றினால் தாமதமும் மாறும். 1976ல் வெளியான பாஸ் சி.இ.-1 கோரஸ் பெடல் இத்தகைய சுற்றைப் பயன்படுத்தியது.

மின்னணு டிரம்களின் வரலாறு இதற்கு இணையாக வளர்ந்தது. மூடி புளூஸ் குழுவின் டிரம் கலைஞர் கிரேம் எட்ஜ் 1971ல் வெளியான இசைத்தொகுப்பில் மின்னணு டிரம் ஒன்றைப் பயன்படுத்தினார். 1970களின் பிற்பகுதியில் சின்டிரம், சினேர் போன்ற கருவிகள் விற்பனைக்கு வந்தன. அடித்தவுடன் சுருதி மேலிருந்து கீழே சரியும் ஒலி இவற்றின் அடையாளமாயிற்று. 1981ல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் அறுகோணப் பேட்களைக் கொண்ட எஸ்.டி.எஸ்.-5 தொகுதியை வெளியிட்டது. அலையியற்றியின் ஒலியையும் இரைச்சலையும் கலந்து டிரம் ஒலியை உருவாக்கிய இக்கருவியில், சுருதியின் சரிவைக் கட்டுப்படுத்தத் தனிக் குமிழ் இருந்தது. சுருதியைக் காலத்தோடு மாற்றுவதும் பண்பேற்றமே என்பதால், மின்னணு டிரம்மில் பண்பேற்றம் தொடக்கம் முதலே இருந்தது எனலாம்.

1973ல் ஜான் சவுனிங் வெளியிட்ட அதிர்வெண் பண்பேற்றம் பற்றிய கட்டுரையில் மணி, டிரம் ஆகியவற்றை ஒத்த ஒலிகளும் எடுத்துக்காட்டுகளாக இடம்பெற்றன. 1983ல் மிடி தரம் அறிமுகமானது. 1997ல் ரோலண்ட் நிறுவனம் டி.டி.-10 மாட்யூலையும் வலைத்தோல் பேட்களையும் வெளியிட்டது. எண்முறைச் செயலிகளின் வளர்ச்சியால், முன்னர் தனிப் பெட்டிகளாக இருந்த விளைவுகள் பின்வந்த மாட்யூல்களின் உள்ளேயே அமைந்தன.

இயங்கும் முறை

பெரும்பாலான பண்பேற்ற விளைவுகளின் மையத்தில் தாழ் அதிர்வெண் அலையியற்றி ஒன்று உள்ளது. இது காதுக்குக் கேட்காத மெதுவான அலையை, பொதுவாக நொடிக்கு 0.1 முதல் 10 சுற்றுகள் வரை, உருவாக்குகிறது. இவ்வலை நேரடியாக ஒலிப்பதில்லை. வேறொரு பண்பை ஏற்றி இறக்கும் கைபோலச் செயற்படுகிறது. பயனர் மாற்றக்கூடிய அளவுருக்கள் பெரும்பாலும் பின்வருவன:

- வேகம்: அலையியற்றி ஒரு நொடியில் எத்தனை முறை சுற்றுகிறது என்பது. ஹேர்ட்ஸில் அளக்கப்படும்.
- ஆழம்: பண்பு எவ்வளவு தூரம் மாற்றப்படுகிறது என்பது.
- பின்னூட்டம்: வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டில் சேர்ப்பது. இது விளைவைக் கூர்மையாக்கும்.
- கலவை: மூலக் குறிகைக்கும் விளைவுக் குறிகைக்கும் இடையிலான விகிதம்.
- அலை வடிவம்: சைன், முக்கோணம், சதுரம் போன்றவை. சதுர அலை மாற்றத்தைத் திடீரென நிகழ்த்தும்.

அலையியற்றிக்கு மாற்றாக, ஒலியின் வலிமையையே பின்தொடர்ந்து பண்பேற்றம் செய்யும் முறையும் உண்டு. இது உறை பின்தொடர்வி எனப்படும். வலிய அடிக்கு வடிகட்டி அகலத் திறந்து, ஒலி தணியும்போது மூடும். ஒவ்வொரு அடியும் தன் விளைவைத் தானே தொடங்கி முடிப்பதால், இம்முறை டிரம்முக்கு மிகவும் பொருந்துகிறது.

வகைகள்

கோரஸ்

மூலக் குறிகையுடன், ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிநொடி வரை தாமதமான அதன் நகல் ஒன்று சேர்க்கப்படுகிறது. தாமதம் மெதுவாக மாறுவதால் நகலின் சுருதி சற்றே ஏறி இறங்கும். பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற அகலம் கிடைக்கும். டிரம்மில் தாமதம் கூடினால் ஒரே அடி இரண்டாகக் கேட்கத் தொடங்கும்.

பிளேஞ்சர்

தாமதம் ஏறத்தாழ 1 முதல் 10 மில்லிநொடி வரை இருக்கும். மூலமும் நகலும் கலக்கும்போது, சில அதிர்வெண்களில் அவை எதிரெதிர்க் கட்டத்தில் அமைந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 1 மில்லிநொடி தாமதத்தில் 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் என ஒழுங்கான இடைவெளியில் பள்ளங்கள் தோன்றும். வரைபடத்தில் சீப்பின் பற்கள் போலத் தோன்றுவதால் இது சீப்பு வடிகட்டல் எனப்படுகிறது. தாமதம் மாறும்போது பள்ளங்கள் அனைத்தும் நகர்வதால், விமானம் கடந்து செல்வது போன்ற ஒலி கேட்கும்.

பேசர்

இதில் தாமதத்திற்கு மாற்றாக, கட்டத்தை மட்டும் மாற்றும் வடிகட்டிகள் வரிசையாக அமைக்கப்படுகின்றன. இரு வடிகட்டி நிலைகளுக்கு ஒரு பள்ளம் வீதம் தோன்றும். நான்கு நிலைப் பேசரில் இரு பள்ளங்கள் இருக்கும். பள்ளங்கள் குறைவு என்பதால், பேசர் பிளேஞ்சரைவிட மென்மையாக ஒலிக்கும்.

டிரெமொலோவும் தானியங்கு இடவல மாற்றமும்

டிரெமொலோ ஒலியின் வீச்சை ஏற்றி இறக்குகிறது. இடவல மாற்றம் அதே செயலை இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையே எதிரெதிராகச் செய்கிறது. குறுகிய டிரம் ஒலியில் டிரெமொலோ தெளிவாகத் தெரிவதில்லை. நீண்ட சிம்பல் ஒலியில் நன்கு தெரியும்.

ரிங் மாடுலேட்டர்

இது இரு குறிகைகளை ஒன்றோடொன்று பெருக்குகிறது. இதன் விளைவாக அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் மட்டும் எஞ்சும். 200 ஹேர்ட்ஸ் ஒலியை 300 ஹேர்ட்ஸ் அலையால் பெருக்கினால் 500 ஹேர்ட்ஸும் 100 ஹேர்ட்ஸும் கிடைக்கும். இசைவான தொடர்பற்ற அதிர்வெண்கள் எழுவதால், டாமின் ஒலி உலோகத் தகட்டையோ மணியையோ ஒத்திருக்கும். டிரம் ஒலியில் பொதுவாகத் திட்டமான சுருதி உணரப்படுவதில்லை. எனவே பாடலின் சுருதியோடு முரண்படும் இடர் கிட்டாரை விட இதில் குறைவு.

சுழல் ஒலிபெருக்கி விளைவு

டான் லெஸ்லி ஆர்கனுக்காக உருவாக்கிய சுழலும் ஒலிபெருக்கியை இது ஒத்துச் செயற்படுகிறது. டாப்ளர் விளைவால் சுருதியும் வீச்சும் ஒருங்கே மாறும். மெதுவான வேகத்தில் நொடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகவும், விரைவான வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 சுற்றுகளாகவும் இருக்கும்.

தொகுதியின் உறுப்புகளுக்கு ஏற்ற பயன்பாடு

சிம்பலும் ஹை-ஹேட்டும்: இவற்றின் ஒலி பரந்த அதிர்வெண் எல்லையைக் கொண்டது, சிம்பலின் ஒலி பல நொடிகள் நீடிப்பது. நகரும் பள்ளங்களை வெளிப்படுத்தப் போதிய ஒலிப்பொருளும் போதிய காலமும் இங்கு உள்ளன. பிளேஞ்சரும் பேசரும் மிகத் தெளிவாகக் கேட்பது சிம்பல்களிலேயே ஆகும்.

ஸ்னேர்: ஸ்னேரின் கம்பிகள் எழுப்பும் இரைச்சல் பிளேஞ்சருக்கு ஏற்றது. ஆனால் ஒலி குறுகியது. ஆகவே ஒவ்வொரு அடியும் அலையியற்றியின் சுற்றில் ஒரு கணத்தை மட்டுமே வெட்டி எடுத்துக் காட்டும். அடிக்கு அடி நிறம் மாறுவதாகக் கேட்குமேயன்றி, ஓர் அடிக்குள் சுழற்சி கேட்காது. ஸ்னேருக்கு முதலில் ரிவெர்ப் சேர்த்து அதன் பின் பிளேஞ்சரைச் சேர்த்தால், நீண்ட முழக்கத்தின் மீது சுழற்சி தெளிவாகும்.

டாம்: சுருதிச் சரிவு, ரிங் மாடுலேட்டர், சிறிதளவு கோரஸ் ஆகியன பொருந்தும். 1980களின் மின்னணு டாம் ஒலியை மீட்டெடுக்க விரும்புவோர் சுருதிச் சரிவையே முதலில் நாடுவர்.

பாஸ் டிரம்: இதற்குப் பண்பேற்ற விளைவுகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 60 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் பாஸ் டிரம்முக்கு, 8.3 மில்லிநொடி தாமதம் என்பது சரியாக அரைச் சுற்று. பிளேஞ்சரின் தாமதம் அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் அடியின் வலு இழக்கப்படும். பாடலின் அடித்தளமான அடி ஒருமுறை கேட்டும் மறுமுறை கேளாமலும் போனால், உடன் வாசிப்போரின் தாளமே தடுமாறும். விளைவு கட்டாயம் தேவை எனில், தாழ் அதிர்வெண்களை மாற்றமின்றி விட்டு, மேற்பகுதிக்கு மட்டும் அதனைச் சேர்ப்பது வழக்கம்.

தாளத்துடன் ஒத்திசைத்தல்

பல மாட்யூல்களில் அலையியற்றியின் வேகத்தைப் பாடலின் வேகத்துடன் இணைக்கலாம். நிமிடத்திற்கு 120 அடிகள் எனில் ஓர் அடியின் காலம் 500 மில்லிநொடி. வேகம் 2 ஹேர்ட்ஸ். நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றின் காலம் 2 நொடி, வேகம் 0.5 ஹேர்ட்ஸ்.

இங்கு எளிதில் புலப்படாத ஒரு விளைவு உண்டு. அலையியற்றி ஓர் அடிக்கு ஒரு சுற்று என அமைந்தால், அடியின் மீது விழும் ஒவ்வொரு தட்டலும் சுற்றின் அதே இடத்தில்தான் விழும். விளைவு இயங்கிக்கொண்டிருந்தும், எல்லாத் தட்டல்களும் ஒரே நிறத்தில் கேட்கும். நான்கு அடிகளுக்கு ஒரு சுற்று என அமைத்தால், இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் வரும் ஸ்னேர் தட்டல்கள் சைன் அலையின் உச்சியிலும் தாழ்விலும் மாறிமாறி விழும். ஸ்னேர் இரு நிறங்களில் ஒலிக்கும். எட்டு அடிகளுக்கு ஒரு சுற்று எனில், முதற் சுற்றின் இரு ஸ்னேர் தட்டல்களும் ஒரு நிறத்திலும், அடுத்த சுற்றின் இரண்டும் வேறொரு நிறத்திலும் அமையும். இவை யாவும் அலையியற்றி முதலடியில் தொடங்குவதாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. தொடக்கம் மாறினால் நிறமும் மாறும்.

சில கருவிகளில் ஒவ்வொரு தட்டலின்போதும் அலையியற்றியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்யலாம். ஒவ்வொரு தட்டலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டிய இடங்களில் இது பயன்படும்.

வாசிப்பின் வழிக் கட்டுப்பாடு

டிரம் கலைஞரின் இரு கைகளும் இரு கால்களும் எப்போதும் பணியில் இருப்பதால், குமிழ்களைத் திருகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே விளைவின் அளவுருக்களை வாசிப்பின் கூறுகளுடனேயே இணைக்கும் முறைகள் உருவாயின.

- அடியின் வலிமை: மிடியில் 1 முதல் 127 வரை குறிக்கப்படும் இவ்வளவை ஆழத்துடன் இணைத்தால், மெல்லிய தட்டல்கள் இயல்பாகவும் வலிய தட்டல்கள் விளைவுடனும் ஒலிக்கும்.
- ஹை-ஹேட் பெடல்: இதன் நிலை மிடியில் பொதுவாக 4ஆம் கட்டுப்பாட்டு எண்ணில் அனுப்பப்படுகிறது. இதனைக் கணினி மென்பொருளில் பிளேஞ்சரின் வேகத்துடனோ வடிகட்டியுடனோ இணைக்கலாம்.
- அடிக்கும் இடம்: நடுவிலா விளிம்பிலா என உணரும் பேட்களில், இடத்திற்கு ஏற்ப விளைவை மாற்றலாம்.
- கூடுதல் பேட்: விளைவை இயக்கவும் நிறுத்தவும் மட்டும் ஒரு பேட்டை ஒதுக்கலாம்.

இணைப்பு முறைகள்

மாட்யூலின் உள்விளைவு: மிக எளிய முறை. ஒவ்வொரு தொகுப்பிலும் எந்தெந்தப் பேட்டின் ஒலி எவ்வளவு விளைவுக்குள் செல்ல வேண்டும் என்பதைச் சேமித்து வைக்கலாம். முழுத் தொகுதிக்கும் ஒரே விளைவு மட்டும் உள்ள எளிய மாட்யூல்களில், பேட்டுக்குப் பேட் அனுப்பும் அளவை மாற்ற முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெளிப் பெடல்: தனி வெளியீடுகள் உள்ள மாட்யூலில், ஒரு பேட்டின் ஒலியை மட்டும் கிட்டார் பெடலுக்கு அனுப்பலாம். மாட்யூலின் வெளியீடு கிட்டாரின் குறிகையைவிட வலியது. டிரம் அடியின் உச்சமோ மேலும் கூரியது. அளவைக் குறைக்காமல் அனுப்பினால் பெடலின் உள்ளீட்டில் குறிகை நறுக்கப்பட்டு, கரகரப்பான ஒலி எழும்.

கணினி: மாட்யூலின் ஒலியையோ மிடிக் குறிகையையோ கணினிக்கு அனுப்பி, மென்பொருளில் விளைவைச் சேர்க்கலாம். பதிவுக்குப் பின்னரும் விளைவை மாற்ற முடிவது இம்முறையின் நன்மை.

சிக்கல்கள்

ஒற்றைத் தட ஒலிபரப்பு: சில இருதடக் கோரஸ்களில் விளைவுக் குறிகை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் அனுப்பப்படுகிறது. தலையணி ஒலிபெருக்கியில் இது மிக அகலமாகக் கேட்கும். ஆனால் அரங்குகளின் ஒலிபெருக்கி அமைப்பில் இடமும் வலமும் ஒன்றாகக் கூட்டப்பட்டால், விளைவு முழுமையாக அழிந்துவிடும். ஒரு மணிநேரம் செலவிட்டு அமைத்த ஒலி மேடையில் கேளாமற் போவதற்கு இது பொதுவான காரணம். நிகழ்ச்சிக்கு முன் ஒற்றைத் தடத்தில் கேட்டுச் சரிபார்ப்பதே இதற்குத் தீர்வு.

இரட்டை வழித் தாமதம்: கணினி வழியாகத் திரும்பும் ஒலியையும் மாட்யூலின் நேரடி ஒலியையும் ஒன்றாகக் கலந்தால், விரும்பாத சீப்பு வடிகட்டல் ஏற்படும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில் 256 மாதிரிகளின் தாமதம் 5.3 மில்லிநொடி. இதன் முதற் பள்ளம் ஏறத்தாழ 94 ஹேர்ட்ஸில் விழும். இது பாஸ் டிரம்மும் தரை டாமும் வலுப்பெறும் பகுதியாகும். ஒலி மெலிந்துவிட்டதாக உணர்ந்து ஒலியளவைக் கூட்டுவது பயன் தராது; இரு வழிகளுள் ஒன்றை நிறுத்த வேண்டும்.

தாக்கம் மழுங்குதல்: விளைவுக் குறிகையை மட்டும் கேட்கும்படி கலவையை அமைத்தால், அடியின் தொடக்கம் சில மில்லிநொடிகள் பிந்தும். கலைஞர் அதனை ஈடுகட்ட முயன்று முந்தி அடிக்க நேரிடும். மூலக் குறிகை எப்போதும் ஓரளவு கலந்திருப்பது நல்லது.

மிகைப் பயன்பாடு: எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் விளைவைச் சேர்த்தால், மாற்றமற்ற ஒலி எதுவும் எஞ்சாது. ஒப்பிட ஏதுமில்லாத நிலையில் கேட்பவருக்கு மாற்றமும் புலப்படாது. பாடலின் ஒரு பகுதிக்கோ ஓர் உறுப்புக்கோ மட்டும் விளைவை ஒதுக்குவதே பரவலான வழக்கம்.

தமிழ்ச் சூழலில்

தமிழ்நாட்டின் மெல்லிசைக் குழுக்களில் முழுத் தொகுதியை விட, எட்டுப் பரப்புகளை ஒரே பெட்டியில் கொண்ட ரோலண்ட் ஆக்டாபேட் வகைக் கருவிகள் மிகவும் பரவலானவை. கலைஞர்கள் இதனைப் பொதுவாகப் பேட் அல்லது ரிதம் பேட் என்பர். ஒரே கருவியில் தபலா, டோலக், டிரம் ஆகிய ஒலிகளை வாசிக்க முடிவதே இதன் பரவலுக்குக் காரணம். மேற்கூறிய கோட்பாடுகள் இதற்கும் பொருந்தும். தபலாவின் இடப்பக்க ஒலியில் சுருதி வளைவு இயல்பாகவே இடம்பெறுவதால், அதன்மீது வைப்ராட்டோ அல்லது கோரஸைச் சேர்த்தால் அவ்வளைவு குழப்பமடையும். ஒலிபெருக்கிகள் ஒற்றைத் தடத்தில் இணைக்கப்படும் திருமண, கோயில் விழா மேடைகளில், இருதட விளைவுகளை நம்பியிராமல் இருப்பது ஏற்றது.

இவற்றையும் பார்க்க

- பண்பேற்றம்
- மின்னணு டிரம்
- தாழ் அதிர்வெண் அலையியற்றி
- சீப்பு வடிகட்டி
- டாப்ளர் விளைவு
- மிடி